சாமிநாதனின் சிவப்புப் பூட்டு

புக்கிட் ரம்பாய் கையுறைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர் சாமிநாதன். பத்து விரலோடும் ஓய்வு பெற்றார். அதற்குக் காரணம் ஒரு சிவப்புப் பூட்டு. இயந்திரத்துக்குள் கை விடுமுன் சுவிட்சில் அதை மாட்டிவிடுவார். சாவி அவர் பையில். அவர் வெளியே வந்து திறக்கும்வரை மேனேஜரே வந்தாலும் சுவிட்சைப் போட முடியாது.

“ஏன்யா, பொண்டாட்டியையும் இப்படித்தான் பூட்டி வச்சிருக்கியா?” என்று கூட்டாளி முனியாண்டி கேட்பார்.

“அவ சுவிட்ச போட மாட்டா லா. நீதான் போடுவ.”

மகள் அனுசியா பக்கத்து ஊரான செங்கில் மென்பொருள் எழுதுகிறாள். பெட்டிகளை எண்ணும் அவளுடைய நிரலில் ஒரே நேரத்தில் தனித்தனியே ஓடும் இரண்டு வேலைகள், அதாவது இழைகள், ஒரே எண்ணைப் பகிர்ந்துகொண்டன. இரண்டும் நாற்பது என்று படித்தன. இரண்டும் நாற்பத்தொன்று என்று எழுதின. ஒரு பெட்டி கணக்கில் வராமல் போயிற்று. படிப்பதையும் எழுதுவதையும் சேர்த்து ஒரு பூட்டுக்குள் வைத்தாள். ஓர் இழை முடிக்கும்வரை மற்றது காத்து நின்றது. அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார்.

“இத நான் படிக்காமயே செஞ்சேன்மா.”

பிறகு பக்கவாதம் வந்து அவர் பேச்சைக் கொண்டுபோயிற்று. அண்ணன் சுரேனும் அவளும் அவரை மாறிமாறிப் பார்த்துக்கொண்டார்கள். காலையில் அவருக்குச் சர்க்கரைக்கான இன்சுலின் போட்டவர் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் அன்றைய தேதிக் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். ஊசி ஒரு வேலை, கோடு இன்னொரு வேலை. நடுவில் இருந்த இடைவெளி அவள் கண்ணில் படவேயில்லை.

அன்று சுரேன் ஊசி போட்டான். வாசலில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. கோட்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று ஓடினான். குளித்துவிட்டு வந்த அனுசியா தாளைப் பார்த்தாள். கட்டம் காலி. ஊசியை எடுத்தாள். அப்பா இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

“ஒரு குத்துதான்பா. சின்னப் புள்ளயா நீங்க?”

அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுப் போட்டாள். கஞ்சி இரண்டு கரண்டிக்குமேல் இறங்கவில்லை.

பத்து மணிக்கு அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்து நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது என்றார்கள். அங்கிருந்தே சுரேனை அழைத்தாள்.

“காலையிலயே நான் போட்டுட்டேனே, அனு.”

மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

தாள் இன்னும் ஐஸ்பெட்டிக் கதவில்தான் இருக்கிறது. அந்த நாளின், பதினாறாம் தேதிக் கட்டம் காலி. அதில் கோடு போடவும் தாளைக் கிழிக்கவும் இருவருக்கும் கை வரவில்லை.