துரை திருப்பிக் கேட்ட கார்

ஃபேக்டரிக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை, தேயிலைத் தோட்டத்துத் துரைதான் அண்ணனிடம் "தூக்கிட்டுப் போ" என்று தந்தார். கந்தப்பளையில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் இரண்டு வருடம் நானும் அண்ணனும் அதனோடு மல்லுக்கட்டினோம். எஞ்சினைப் பிரித்துக் கோர்த்தோம். வலப்பனையில் உடைத்துப் போட்ட கார் ஒன்றிலிருந்து காபரேட்டர் எடுத்து மாட்டினோம். அது ஓடத் தொடங்கிய வாரமே துரை வாசலில் வந்து நின்றார்.

"பங்களா கார் அது. சாவியக் குடு."

"நீங்க குடுத்தத அப்படியே தர்றோங்க. நாளைக்கு லொறி அனுப்புங்க" என்றான் அண்ணன்.

துரை போனதும், நாங்கள் வாங்கிப் பொருத்திய எல்லாவற்றையும் கழற்றினோம். ஓட்டைகளை அடைக்க ஒட்டியிருந்த தகரத்தையும் அண்ணன் வெட்டி எடுத்தான். மறுநாள் லொறியில் ஏறியது துருப்பிடித்த கூடு மட்டுந்தான். அதற்குப் பிறகு நாங்கள் துரைக்குச் சலாம் வைக்கவில்லை.