ஓடாத பம்புக்குப் பத்துக்குப் பத்து

நீரேற்று நிலையத்தில் பதினாறு வருடமாக மோட்டார் போடுகிறவளை ஊரே ‘மோட்டாரக்கா’ என்றுதான் கூப்பிடும். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் மோட்டார் சத்தத்தில் சின்னப் பிசிறு தட்டினாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவாள்.

அங்கே பம்பு இரண்டு. ஒன்று மாடாக உழைக்கும். இன்னொன்று, அது படுத்துவிட்டால் ஓடுவதற்காக வாங்கிப் போட்டது. வாங்கி ஏழு வருடமாகியும் அதை ஒருவரும் ஓட்டவில்லை. ஓட்டினால் கெட்டுப்போகுமாம். கெட்டுப்போனால் ‘மாற்றுப் பம்பு இல்லை’ என்று எழுத வேண்டி வருமாம். அதனால் வருடா வருடம் பச்சைப் பெயிண்ட் அடித்துத் துடைத்து வைத்தார்கள். அந்தப் பச்சையைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும்.

குமட்டாதா பின்னே? போன கோடையில் முதல் பம்பு மூன்று நாள் படுத்தது. அப்போதும் பச்சைப் பம்பில் கைவைக்க நிலையத்து இன்ஜினியர் விடவில்லை. கடைசித் தெருவில் இருக்கும் மோட்டாரக்காவின் தங்கை, வேறு வழியில்லாமல் பாழுங்கிணற்றுத் தண்ணீரை இறைத்தாள். அதைக் குடித்த அவள் மகள் வாந்தியும் பேதியுமாக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்ததே பெரிய விஷயம்.

இந்த வருடமும் ஆய்வு வந்தது. என்ன ஆபத்து வந்தாலும் குடிநீர் வழங்கல் தாக்குப்பிடிக்குமா என்று மதிப்பெண் போடுகிற ஆய்வு. வந்த அதிகாரி பச்சைப் பம்பைத் தடவிப் பார்த்து, “புதுசு மாதிரியே வச்சிருக்கீங்களே!” என்று மெச்சினார். இன்ஜினியர் குழைந்தார்.

“ஓட்டிக் காட்டட்டுமா சார்?” என்றாள் மோட்டாரக்கா.

“நீ சும்மா இரும்மா.” இன்ஜினியர் பல்லைக் கடித்தார்.

மேல்நிலைத் தொட்டி முக்கால்வாசி நிரம்பியிருப்பதைக் காலையிலேயே பார்த்து வைத்திருந்தாள்; கொஞ்ச நேரம் பம்பை நிறுத்தினாலும் ஊருக்குத் தண்ணீர் நிற்காது. விறுவிறுவென்று போய் ஓடிக்கொண்டிருந்த பம்பை நிறுத்திவிட்டு, பச்சைப் பம்பின் பொத்தானை அழுத்தினாள். அது உறுமியது. கருகல் வாடை வந்தது. சுவிட்ச் தானாக அணைந்தது. அச்சு ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.

“பாத்துக்குங்க சார். இதுதான் நம்மளக் காப்பாத்தப் போகுதாம். எழுதுங்க.”

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படிவத்தைப் புரட்டினார். “மாத்துப் பம்பு இருக்கான்னுதாம்மா கேட்டிருக்கு. ஓடுதான்னு கேக்கலையே.” பத்துக்குப் பத்து போட்டார்.

காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டு முதல் பம்பை மறுபடி ஓடவிட்டாள்.

அடுத்த மாதம் அறிக்கை வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. குறைந்த நாலும் அவளால்தான்: ‘அனுமதியின்றி இயந்திரத்தைத் தொடும் ஊழியர்.’ பரிந்துரை ஒன்றே ஒன்று. அதன்படி பச்சைப் பம்பைச் சுற்றிக் கம்பிக் கூண்டு போட்டுப் பூட்டினார்கள். சாவி இன்ஜினியர் வீட்டுக்குப் போனது.

அந்த வாரமே முதல் பம்பு கரகரக்க ஆரம்பித்தது. ஓடிப்போய்ச் சொன்னாள். “தொண்ணூத்தாறு வாங்கியாச்சு. இன்னும் என்னம்மா உனக்கு?” என்றார் இன்ஜினியர்.

அவள் வெளியே வந்து தங்கைக்கு போன் போட்டாள். “வீட்ல இருக்குற குடம், வாளி எல்லாத்துலயும் தண்ணி பிடிச்சு வை. இப்பவே.”

“ஏன்க்கா? குழாய்ல நல்லாத்தானே வருது?”

“வருதுல்ல? அதான் பிடின்னு சொல்றேன்.”