குணாளனின் பத்தாம் நம்பர் சப்பாத்து

குணாளனுக்கு வயது நாற்பத்தாறு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷினை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறி இறங்குகிற வேலை. மறுபக்கம் பிடிப்பவன் காளிமுத்து. குணாளனிடம் குடி கிடையாது, சூது கிடையாது, அடுத்தவர் வம்புக்குப் போகிற பழக்கமும் கிடையாது. ஆனால் இந்த வீம்பு இருக்கிறதே, அது மட்டும் லயத்து வீடுகள் அத்தனைக்கும் பங்கு வைக்கிற அளவுக்கு இருந்தது. அவன் வாயிலிருந்து ‘தெரியாது’ என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. கூச்சம் வந்தால் மனுஷனுக்கு முகம் சிவக்கும், தலை குனியும். இவனுக்குக் கோபம் வந்துவிடும்.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம் ஒரு சைக்கிள் குழு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் கண்ணாடியும் தொப்பியுமாக மலையைச் சுற்றுவார்கள். ஒரு நாள் அவர்கள் மேட்டில் முக்கி முனகிக்கொண்டிருந்தபோது, குணாளன் தன் ஓட்டைச் சைக்கிளில் பின்னால் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு சாவகாசமாக அவர்களைத் தாண்டிப் போனான். அவனைக் குழுவில் சேர்த்துக்கொள்வதென்று அன்றைக்கே கிராணி முடிவு செய்துவிட்டார். தன்னுடைய பழைய ரேஸ் சைக்கிளை அவனுக்குக் கொடுத்தார். அதன் பெடலில் சாதாரணச் சப்பாத்து நிற்காது. அதற்கென்று உள்ள சப்பாத்தின் அடியில் ஒரு கொக்கி இருக்கும், அது பெடலில் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும். இறங்க வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும்.

“சப்பாத்து நம்ம குழுவோட பரிசு. பிரிஞ்சாங் டவுன் சைக்கிள் கடையில ப்ரியான்னு ஒரு புள்ள இருக்கு, அதான் அளந்து கொடுக்கும். அளவு பிசகுனா கால் கழண்டு வராதுடா, வெளையாட்டில்ல” என்றார் கிராணி.

ப்ரியா திரிங்காப்பில் பூத்தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு அம்மாவின் மகள். கடைக்கு வந்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. மூன்று மாசம் பார்த்துவிட்டு நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன் என்று கடை முதலாளியான சீனத் தவுக்கே சொல்லியிருந்தார். வருகிறவர்களுக்குக் கால் அளந்து சப்பாத்து கொடுப்பதுதான் அவள் பொறுப்பு.

சாயங்காலம் வரச் சொன்னதும் அவள்தான். நாளெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது அளந்தால்தான் பிறகு கடிக்காது என்று போனில் விவரமாகச் சொல்லியிருந்தாள். குணாளன் வேலை முடிந்து குளித்து, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். கடையில் கோலாலம்பூர்க்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

ப்ரியா குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, கோடு போட்ட இரும்புத் தட்டு ஒன்றைத் தரையில் வைத்தாள். “அண்ணே, கழட்டிட்டு இதுல ஏறி நில்லுங்க. ரெண்டு காலும் பாக்கணும். சாக்ஸையும் கழட்டிருங்க.”

குணாளன் குனிந்து தன் காலைப் பார்த்தான். இருபத்தைந்து வருஷம் ரப்பர் பூட்ஸுக்குள் வெந்த கால் அது. ஊறி வெளுத்து, குதிகால் பாளம் பாளமாக வெடித்து, பெருவிரல் நகம் இரண்டும் கறுத்து, கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த தழும்போடு கிடந்தது. நாற்றம் வேறு. போதாக்குறைக்கு இடது சாக்ஸில் ஓட்டை. பக்கத்து நாற்காலியில் ஒரு கோலாலம்பூர்ப் பெண் சுத்தமான வெள்ளைப் பாதத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அதெல்லாம் வேணாம்மா. நமக்குப் பத்து. பத்தாம் நம்பர எடு.”

அவன் சொன்னதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. தோட்டத்தில் வருஷத்துக்கு ஒரு முறை பூட்ஸ் கொடுப்பார்கள். குளிருக்கு இரண்டு சாக்ஸ், அட்டை கடிக்காமல் இருக்க அதற்கு மேல் ஒரு துணி உறை, இத்தனையும் உள்ளே போக வேண்டும் என்று எல்லோரும் இரண்டு நம்பர் கூட்டித்தான் வாங்குவார்கள். ஸ்டோர் லிஸ்டில் குணாளன் பெயருக்கு நேராகப் பத்து என்று எழுதி எழுதி, அதுவே அவன் கால் என்று ஆகிவிட்டது. சொந்தக் கால் எத்தனை என்று அந்த லயத்தில் யாருக்குமே தெரியாது.

“பூட்ஸ் நம்பரா அண்ணே? அது வேற, இது வேறலா. இது கால ஒட்டிப் பிடிக்கணும், குதிகால் தூக்கக் கூடாது. ஒரே நிமிசம்ண்ணே” என்றபடி அவள் குனிந்து அவன் சப்பாத்துக் கயிற்றில் கை வைத்தாள்.

குணாளன் வெடுக்கென்று காலை இழுத்தான். “ஏம்மா, சொன்னா கேக்க மாட்டியா? என் காலு எனக்குத் தெரியாதா? நேத்து வேலைக்கு வந்துட்டு எனக்குப் பாடம் எடுக்கறியா?”

கடையே திரும்பிப் பார்த்தது. ப்ரியாவின் முகம் சுண்டிப்போனது. எழுந்து போய்ப் பத்தாம் நம்பரை எடுத்து வந்தாள். குணாளன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஓட்டைச் சாக்ஸோடு காலை நுழைத்து நாலடி நடந்தான். குதிகால் ‘லொட லொட’ என்று ஆடியது.

“தூக்குதாண்ணே?” என்று மெல்லக் கேட்டாள்.

“இல்ல. கச்சிதம்” என்றான் குணாளன்.

வீட்டில் அவன் மனைவி திலகம் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, படகாட்டம் இருக்கு!” என்று சிரித்தாள். அவன் அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். தோட்டத்துச் சாக்ஸ் இரண்டைப் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டான். லயத்துக்கு முன்னால் ஓட்டிப் பார்த்தபோது கால் எப்படியோ கழன்று வந்தது. போதும் என்று இருந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை குழுவோடு கிளம்பினான். திரிங்காப் முக்கில் கோஸ் ஏற்றிய லோரி ஒன்று குறுக்கே திரும்ப, எல்லோரும் நின்றார்கள். குணாளனும் பிரேக்கைப் பிடித்துக் குதிகாலைத் திருப்பினான். கால் திரும்பியது, சப்பாத்து திரும்பவில்லை. உள்ளே பாதம் மட்டும் சுழன்றது, பெடல் பிடித்த பிடியில் இருந்தது. சைக்கிளோடு அப்படியே சாய்ந்து, பக்கத்தில் நின்ற கிராணியின் மேல் பொத்தென்று விழுந்தான். கிராணி கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்த சத்தம் குணாளனுக்கே கேட்டது.

“எப்படிடா? அளந்துதான வாங்குன?” கிராணி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

சுற்றிலும் கூட்டம். லோரிக்காரன், காய்கறிக்காரர்கள், குழுவில் இருந்தவர்கள், எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். நான் அளக்க விடவில்லை ஐயா என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் குணாளன் சொன்னது வேறு.

“அந்தக் கடைப் புள்ளதாங்கையா. இதான் அளவு, போடுன்னு கொடுத்துச்சு.”

சொன்ன பிறகு தன் நாக்கைத் தானே பிடுங்கிப் போடலாம் போல இருந்தது. ஆனால் வார்த்தை போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே கிராணி போன் போட்டுத் தவுக்கேயைக் கிழித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை திலகம் கோயிலிலிருந்து சேதி கொண்டு வந்தாள். “ப்ரியாவ வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்களாம். சனிக்கெழம கிராணி கடைக்கு வர்றாராம், அன்னிக்கு முடிவு பண்ணுவாங்களாம். அது மறுபடி அம்மாவோட பூக்கட்டு கட்டப் போயிருச்சு. எத்தன பேரு வந்து கேட்டாலும், நான் சொன்னா யாரு நம்பப் போறாங்கன்னு அந்தப் புள்ள வாயத் தொறக்கலையாம், அவங்கம்மா அழுவுறாங்க.” அவனை உற்றுப் பார்த்தாள். “நீங்க அளந்துதான வாங்குனீங்க?”

“சோத்தப் போடுடி மொதல்ல!” என்று எரிந்து விழுந்தான். சோறு வந்தது, இறங்கவில்லை.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மெஷினைப் பிடித்துக்கொண்டு செடியைப் பார்த்தானே தவிர யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னடா உடம்புக்கு என்று காளிமுத்து கேட்டபோதும் மெஷினை மேட்டுப் பக்கமாக இழுத்துக்கொண்டு நடந்தான். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தனக்குத் தானே காறித் துப்பிக்கொண்டான். தன் அழுக்குக் காலை மறைக்க ஒரு பெண்பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போட்டாயிற்று. போய்ச் சொல்லிவிடலாம் என்று காலையில் தோன்றும். கிராணியின் கட்டுப் போட்ட கை நினைவுக்கு வரும். மத்தியானத்துக்குள் தைரியமெல்லாம் கரைந்துவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் போனபோது, கடையில் கிராணி இருந்தார், தவுக்கே இருந்தார், ப்ரியா ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் நிறைந்திருந்தார்கள். குணாளன் நேரே உள்ளே நடந்தான். சப்பாத்து மாட்டிப் பார்க்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்தான். ஒரு சப்பாத்தைக் கழற்றினான், சாக்ஸை உருவினான். இன்னொன்றையும் கழற்றினான். நாற்றம் அவனுக்கே அடித்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் நகர்ந்துகொண்டார்.

“இதக் காட்ட வெக்கப்பட்டுத்தான் அன்னிக்கு அளக்க விடலைங்கையா. இந்தப் புள்ள ரெண்டு தடவ கேட்டுச்சு. நான்தான் கத்துனேன். குதிகால் தூக்குதான்னும் கேட்டுச்சு, அதுக்கும் பொய் சொன்னேன். ரோட்டுல உங்ககிட்ட சொன்னதும் பொய்தான்.”

கிராணி அவன் காலைப் பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய தன் கையைப் பார்த்தார். “இதுக்காடா?” என்று மட்டும் கேட்டார். அவர் நாலு அறை விட்டிருந்தால்கூட குணாளனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தவுக்கேக்குக் கிராணி மலாயில் எடுத்துச் சொன்னார். தவுக்கே தலையை ஆட்டிவிட்டு, ப்ரியாவிடம் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார். இப்போதே இவரை அளந்துவிடு என்றும் சொன்னார். அவள் தட்டை எடுத்து வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். அவன் ஏறி நின்றான். வெடித்த குதிகாலைப் பிடித்துச் சரியாகப் பின்னுக்குத் தள்ளி வைத்தாள். அவள் முகம் சுளிக்கவில்லை.

“எட்டு. அகலம் ஜாஸ்தி” என்று சீட்டில் எழுதினாள்.

“மன்னிச்சிரும்மா” என்றான் குணாளன். “பாத்தா அருவருப்பா நெனப்பியோன்னு…”

ப்ரியா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அன்றைக்கு அவன் கடைக்குள் வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அண்ணே என்று அவள் கூப்பிடவில்லை.

“ஒரு நாளைக்கு இருவது முப்பது காலு பாக்கறேன். ஆளு வாசலத் தாண்டுனா யாரு காலு எப்படி இருந்துச்சுன்னு ஞாபகமே இருக்காது. உங்க காலையும் அன்னிக்கே மறந்திருப்பேன்” என்றாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தாள். “இனிமே எப்படி மறக்கறது?”