எதிர்க்கடையில் இறங்கிய பார்சல்

"திங்கள். நேற்று குண்டடம் பக்கம் இரண்டு நடுகற்கள் பார்த்தேன். கேமரா நன்று, தேய்ந்த எழுத்துகூடத் தெரிகிறது. மாலையில் திருப்பிக் கொடுத்தாயிற்று."

2009 செப்டம்பரில் என் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன். மழை பெய்த நாள், புது மில் திறந்த நாள், சாயத் தண்ணீர் நொய்யலில் எந்த நிறத்தில் ஓடியது என்பது வரை குறித்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இந்த வரியிலும் பொய் இல்லை. எழுதாமல் விட்டதைத்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சாம்பிள் தைத்து அனுப்பி ஆர்டர் பிடிப்பது வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு குன்னத்தூர், குண்டடம் என்று சுற்றிப் பழைய கல்லெழுத்துகளைப் படமெடுப்பேன். என் ஃபிலிம் கேமரா பழுதாகிவிட்டதால் டிஜிட்டல் கேமரா வாங்க ஆசைப்பட்டேன்.

நான் குடியிருந்த வீட்டுக்கு நேர் எதிரே ஒரு போட்டோ கடை. பாஸ்போர்ட் படம், ஜெராக்ஸ், செல்போன் ரீசார்ஜ் எல்லாம் உண்டு. கடைக்காரரை நான் பாய் என்று கூப்பிடுவேன். என் வயதுதான் இருக்கும். அவரும் அவர் மனைவியுமாகக் கடையைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த வருடம்தான் கோவை விநியோகஸ்தர் ஒருவரிடம் நடையாய் நடந்து, கேமரா விற்க அனுமதி வாங்கியிருந்தார். கையில் கொடுத்த சில கேமராக்களை தீபாவளிக்குள் விற்றுக் காட்டினால்தான் அடுத்த சரக்கு வரும். இதை அவரே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

கடையில் காட்டுவதற்கென்று தனியாக ஒரு கேமராவை விநியோகஸ்தர் தரவில்லை. நான் கேட்டதும் பாய் புதுப் பெட்டி ஒன்றின் சீலைக் கத்தியால் கிழித்தார்.

"அய்யோ, எதுக்குங்க பாய் பிரிச்சீங்க?" என்றேன்.

"நீங்கதானுங்களே வாங்கப் போறீங்க? பொண்ணப் பாக்காம தாலி கட்டச் சொல்ல முடியுமுங்களா? ரெண்டு நாள் எடுத்துட்டுப் போய்ப் படம் புடிச்சுப் பாருங்க."

"பிரிச்ச பொட்டிய கோயமுத்தூர்க்காரன் திருப்பி வாங்க மாட்டான், பாத்துக்கங்க" என்றார் அவர் மனைவி, ஜெராக்ஸ் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

"சாரு என்ன ஓடியா போயிருவாரு? எதுத்த ஊடு!"

ஞாயிறு முழுவதும் அந்தக் கேமராவோடு சுற்றினேன். அற்புதமாக இருந்தது. திங்கள் மதியம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சும்மா பார்க்கலாம் என்றுதான் இணையக் கடை ஒன்றைத் திறந்தேன். அதே மாடல், விலை கணிசமாகக் குறைவு. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் கார்டு எண்ணைத் தட்டி ஆர்டர் போட்டுவிட்டேன்.

அன்று மாலையே கேமராவை அவரிடம் நீட்டி, "ஊட்ல இப்ப வேண்டாங்கறாங்க பாய்" என்றேன். மடத்துக்குளத்திலுள்ள தாய் வீட்டுக்குப் போயிருந்த என் மனைவிக்கு இந்தக் கேமரா பற்றி ஒன்றுமே தெரியாது.

பாய் முகம் ஒரு கணம் சுருங்கி, சரியானது. "ஊட்ல சொன்னாச் சரிதானுங்க. அவங்கள மீறி நாம என்ன பண்ண முடியும்?" என்று சிரித்தார்.

உடனே கிளம்பியிருக்கலாம். கூச்சத்தை மறைக்க எதையாவது பேச வேண்டும் என்று தோன்றி, கம்பெனியில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். வெளிநாட்டுக்காரன் ஒருவன் எங்களிடம் திரும்பத் திரும்பச் சாம்பிள் வாங்கினான். காலரை மாற்று, துணியை மாற்று என்று எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டான். கடைசியில் விலை குறைவு என்று ஆர்டரை வேறு நாட்டுக்குக் கொடுத்துவிட்டான். நான் கொதித்துக்கொண்டு சொன்னேன். பாய் எனக்காக வருத்தப்பட்டார்.

"துணி உங்குளுது, தச்சது நீங்க, ஆர்டர் மட்டும் அவனுக்குங்களா? மனசாட்சியில்லாத பயலாட்ட இருக்குது!" என்று சொல்லி எனக்கு டீ வரவழைத்தார். குடித்தேன். நான் என்ன பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது சத்தியமாக அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு மாலை, லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது எதிர்க்கடையிலிருந்து பாய் கூப்பிட்டார். "சார், உங்களுக்குப் பார்சல் வந்திருக்குதுங்க!"

எங்கள் பகுதியில் பழைய கதவு எண் ஒன்று, புது எண் ஒன்று. புதிது புதிதாகச் சந்துகள் முளைத்ததில் தபால்காரரே குழம்புவார். அதனால் எல்லோரும் விலாசத்தில் ஏதாவது ஒரு கடையின் பெயரைப் போட்டு 'எதிரில்' என்று எழுதுவோம். கை பழகிப்போனதால் ஆர்டர் போடும்போது நானும் அப்படியே பாயின் கடைப் பெயரைத் தட்டியிருக்கிறேன். கூரியர்காரர் வந்தபோது என் வீடு பூட்டியிருந்தது. அவர் போன் செய்தது கம்பெனியின் மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. விலாசத்தில் இருந்த கடையிலேயே பார்சலைக் கொடுத்துவிட்டார். பாய்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தார்.

பார்சல் கண்ணாடி மேஜைமேல் இருந்தது. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் பில். அதில் கேமராவின் பெயரும் மாடலும் கொட்டை எழுத்தில். கண்ணாடிக்குக் கீழ்த் தட்டில், நான் திருப்பிக் கொடுத்த பெட்டி, கிழிந்த சீலின் மேல் டேப் ஒட்டப்பட்டு இருந்தது.

பாயின் மனைவி பார்சலைத் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, ஊட்ல வேண்டாம்னு சொன்னதா இவரு சொன்னாரு. அதுக்குள்ள அண்ணிக்கு மனசு மாறிருச்சுங்களா?"

"சும்மா இரு புள்ள. கம்பெனிக்கு வாங்கியிருப்பாங்க" என்றார் பாய், என்னைப் பார்க்காமல்.

தப்பிக்க அவர் திறந்துவிட்ட வாசல் வழியாக நானும் வெட்கமில்லாமல் நுழைந்தேன். "ஆமாங்க பாய், கம்பெனிதுங்க."

"கம்பெனி சாமான் ஊட்டு விலாசத்துக்கா வருது?" என்றார் அந்த அம்மாள். தூறலில் நனைந்துவிடும் என்று பாய் தன் கடைப் பெயர் அச்சடித்த பையில் அதைப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன். திங்கட்கிழமை எங்கள் ஆர்டரைக் கொண்டுபோனவனை பாய் திட்டியது அப்போதுதான் காதில் விழுந்தது.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். கடையில் ஆள் இருந்ததால் வாய் வரவில்லை. கேமராவுக்கு மெமரி கார்டு வேண்டும். அதையாவது இவரிடம் வாங்குவோம் என்று கேட்டேன்.

"எந்தக் கேமராவுக்குங்க?" என்றார்.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்த மாடலுக்கான கார்டைச் சரியாக எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, அடுத்த ஆளின் ஜெராக்ஸைக் கவனிக்கப் போனார். பணத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன். சொல்ல வேண்டியதை அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முன் விநியோகஸ்தரின் ஆள் வந்தார். அந்த டேப் ஒட்டிய பெட்டியைத் திருப்பிப் பார்த்து அவர் தலையாட்டி மறுப்பதை என் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்போதாவது இறங்கிப் போய் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஜன்னலைவிட்டு நகர்ந்து நின்றுகொண்டேன். அடுத்த சரக்கு வரவில்லை. பொங்கலுக்கு முன்பே கேமரா விளம்பரப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். செல்போனிலேயே நல்ல படம் வர ஆரம்பித்த காலம் அது. எப்படியும் அந்த வியாபாரம் நின்றிருக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அந்தப் பிரித்த பெட்டிக் கேமரா என்ன ஆயிற்று என்று இரண்டு விதமாகக் கேள்விப்பட்டேன். கல்யாண வீட்டுப் படக்காரர் ஒருவருக்கு நஷ்டத்தில் விற்றுவிட்டார் என்று ஒருவர் சொன்னார். விற்க மனமில்லாமல் மனைவிக்கே கொடுத்துவிட்டார் என்று இன்னொருவர். எது உண்மை என்று நான் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க ஒரே வழி பாயிடம் கேட்பதுதான். அவர் கோபப்பட்டாலாவது கேட்டுவிடுவேன். ஆனால் இன்றைக்கும் தெருவில் பார்த்தால் "சார், சௌக்கியமுங்களா?" என்று அவர்தான் முதலில் கேட்கிறார்.