ஒன்றாம் திகதி அட்டை

“சோறு போடுறவன் தட்டத்தான் பாக்கணும், மொகத்தப் பாத்தா…” என்று எங்கள் சித்தப்பா ஏதோ சொல்வார். தோட்டத்துக் கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்தவர். முகத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லித்தான் இருப்பார். அந்தப் பாதி எனக்கு மறந்துவிட்டது.

கேன்டீன் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. ருசியாக இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். இல்லாவிட்டால் கவுன்டருக்கு வந்து நிற்பார்கள். ஆகவே நம் காதில் விழுவதெல்லாம் வசவுதான். மெஸ், கேன்டீன், விடுதிச் சமையல் என்று எங்கேயாவது கரண்டியும் கையுமாக மாட்டிக்கொண்டிருக்கும் சக துன்பக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்பு வரை தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ். அதற்குப் பிறகு டவுனில் சிங்களம். இருபது வருஷம் கட்டாரில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் திரும்பி வந்து, பதுளைப் பக்கம் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக் கேன்டீனைக் கேள்விப்பத்திரம் போட்டுக் குத்தகைக்கு எடுத்தேன். இரண்டு வருஷம் நடத்தினேன். அதில் நடந்த சிலதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலாவதற்குச் சிரிக்கலாம். மற்றதெல்லாம், பூனாகலையிலிருந்து வந்த தர்ஷினி என்ற பிள்ளை படிப்பை முடிப்பாளா, பாதியில் விடுவாளா என்பதில் போய் நிற்கும்.

தங்காத மீன்

நான் எடுத்தபோது கேன்டீனில் மூன்று கவுன்டர். ஒன்றில் சோறு கறி, ஒன்றில் பணிஸ், ரோல்ஸ், வடை, மூன்றாவதில் பிளேன்டீ. சமையலுக்கு ஹனீபா நானா. பதுளை டவுன்காரர், அறுபது தாண்டியவர். சம்பளம் கொடுப்பது நான் என்றாலும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் எந்த நாளும் தெரியாது. மழை பெய்தால் விடுதியிலிருந்து ஒருவரும் இறங்கி வரமாட்டார்கள், அண்டா நிறையச் சோறு மிஞ்சும். வெயில் அடித்தால் பகல் ஒரு மணிக்கே குழம்பில் தண்ணீர் விட வேண்டிவரும்.

அப்படி ஒரு வெயில் நாள். முதலாம் வருஷப் பையன் ஒருவன் சோற்றுப் பீங்கானைத் தூக்கிக்கொண்டு கவுன்டருக்கு வந்தான். என் கண் முன்னாலேயே குழம்பை மூன்று தரம் கிண்டிக் காட்டினான். முள் கூட அகப்படவில்லை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். அவனோ வெகு மரியாதையாகச் சொன்னான்: “அங்கிள், மீன் இந்த வழியா நீந்திப் போயிருக்கு. தங்கல.”

கட்டார் முறை

அந்த வார்த்தை சுட்டது. கட்டார் மெஸ்ஸில் இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. அங்கே எல்லோருக்கும் அட்டை இருந்தது, ஆளை எண்ணிச் சமைத்தோம். அதையே இங்கேயும் கொண்டுவந்தேன். மாத அட்டை. நாளுக்கொரு கட்டம், சாப்பிட வரும்போது அன்றைய கட்டத்தில் ஓட்டை போடுவோம். மூன்று வேளைக்கும் எடுக்கலாம், பகலுக்கும் இரவுக்கும் எடுக்கலாம், பகலுக்கு மட்டும் எடுக்கலாம். எதுவானாலும் ஒன்றாம் திகதிக்குள் காசைக் கட்டி எடுத்துவிட வேண்டும். பிந்தி எடுத்தால் முழு மாதத்துக்கும்தான் கட்டணம். அட்டை இல்லாதவர்களுக்குச் சோறு இல்லை. பணிஸும் பிளேன்டீயும் கைக்காசுக்கு வாங்கிக்கொள்ளலாம்.

நிர்வாகத்துக்கு மிகவும் பிடித்துப்போனது. மூன்று மொழியிலும் அடித்து அறிவித்தல் பலகையில் போட்டார்கள். உண்மையைச் சொன்னால், சாப்பாடும் நன்றாகத்தான் ஆனது. ஆளுக்கொரு மீன்துண்டு கிடைத்தது, குப்பை வாளி காலியாகப் போனது. நான் என்னையே மெச்சிக்கொண்டு, கட்டாரில் அப்படி, கட்டாரில் இப்படி என்று நாள் முழுக்கப் பேசினேன். ஹனீபா நானா மட்டும் ஒரு அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. இனிப் பசிக்குத்தான் சொல்லிக் குடுக்கணும், ஒன்னாந் திகதி பாத்து வரச் சொல்லி.”

மெலிகிற பிள்ளை

இரண்டாவது மாதத்தின் முதல் வாரத்தில்தான் தர்ஷினியைக் கவனித்தேன். இரண்டாம் வருஷம். பகல் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சோற்று வரிசையில் நிற்க, அவள் பிளேன்டீ கவுன்டரில் நின்றாள். ஒரு பணிஸ், ஒரு பிளேன்டீ. சீனி கொஞ்சம் கூடப் போடச் சொன்னாள். பணிஸில் பாதியைப் பிய்த்துத் தின்றுவிட்டு மற்றப் பாதியைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். அடுத்த நாளும் அதே போல. அதற்கடுத்த நாளும்.

நம் பக்கத்துப் பிள்ளை என்று தெரிந்து பேச்சுக் கொடுத்தேன். பூனாகலையில் தோட்டம். அம்மா மலையில் கொழுந்து எடுக்கிறார், அப்பா இல்லை, வீட்டுக்கு வரும் சம்பளம் அந்த ஒன்றுதான். அவர்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த முதல் ஆள் இவள். முடித்துவிட்டு ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கவேண்டும் என்றாள். ஏனம்மா சோறு சாப்பிடுவதில்லை, உடம்பு மெலியப் பார்க்கிறாயா என்று கேட்டேன். மெலிவதற்கு அந்த உடம்பில் ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் நான் சொன்னது நல்ல பகிடி என்பது போலச் சிரித்தாள். “ஆமாங்க அங்கிள். வயிறு நெறஞ்சா லெக்சர்ல தூக்கம் வருது.”

பதினோராம் திகதி வரிசை

ஒவ்வொரு மாதமும் பதினோராம் திகதி காலையில் கவுன்டருக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கும். கையில் காசோடு, அட்டை வேண்டும் என்று. பசறை, நமுனுகுல, லுணுகலைப் பக்கத்து முகங்கள்; கடைசியில் தர்ஷினி. எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள் என்பதை நான் கவனிக்காமலில்லை. கவனித்ததால்தான் கோபம் வந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாம் திகதி வந்து ஒழுங்காக எடுத்துப் போகிறார்களே, நம்முடையது மட்டும் ஏன் இப்படி என்று எனக்கு மானம் போனது.

மூன்றாவது மாதம் கவுன்டருக்கு வெளியே வந்து நின்று பேசினேன். நேரத்தின் அருமை, திட்டமிட்டு வாழ்வது, கட்டாரில் நான் கற்றது. கேம்பஸ் வரைக்கும் வந்த பிறகும் லயத்துப் புத்தி போகவில்லையா என்றும் கேட்டேன். அந்த வார்த்தையை வேறொருவன் சொல்லியிருந்தால் அவனோடு கைகலந்திருப்பேன். தர்ஷினியின் முறை வந்ததும் காசை வைத்து, அட்டையை எடுத்து, எனக்கு ஆறுதல் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்: “அடுத்த மாசம் முந்தி வரப் பாக்குறோம் அங்கிள்.”

பெயர்ப் பட்டியல்

அதற்குப் பிறகு மாத முதல் நாட்களில் அவளைப் பணிஸ் கவுன்டரிலும் காணவில்லை. அறைத்தோழிகளோடு வெளியில் எங்கேயோ சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள், விரிவுரைகளுக்கு வருகை போதாததால் பரீட்சை எழுத முடியாதவர்களின் பட்டியலைப் பலகையில் போட்டார்கள். அதில் அவள் பெயர்.

அன்று பகல் அவள் சாப்பிட்டு, பீங்கான் கழுவி வைக்கும் வரை காத்திருந்து கேட்டேன். மறைக்காமல் சொன்னாள். ஒன்றாம் திகதி ஆனதும் பஸ் ஏறி, பண்டாரவளையில் மாறி, பூனாகலைக்குப் போய்விடுவாளாம். வீட்டில் கோதுமை மா இருக்கும், ரொட்டி சுடலாம். பத்து நாள் அங்கேயே இருந்துவிட்டு அம்மா தரும் காசோடு வந்து அட்டை எடுப்பாளாம். அந்தப் பத்து நாள் விரிவுரைகள்தான் இப்போது பலகையில் தொங்குகின்றன. இனி அந்த வருஷத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். திரும்பப் படிக்கும் வருஷத்துக்கு, விடுதிக்கும் புத்தகத்துக்கும் கொடுக்கிற உதவிப்பணம் கிடையாது.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. அந்தக் காசை ஒன்றாம் திகதியே அம்மா கொடுத்தால் என்ன என்று சமையலறையில் போய் ஹனீபா நானாவிடம் புலம்பினேன். அவர் வெங்காயம் அரிந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தோட்டத்தில் சம்பளம் போடுவது பத்தாம் திகதி, அன்றைக்குத்தான் பதுளைக் கடைத்தெருவே கண் முழிக்கும், அந்தச் சம்பளம் மாதக் கடைசி வரை எந்த வீட்டில் இருந்திருக்கிறது என்று கேட்டார். பத்தாம் திகதி சாயந்தரம் அப்பா பணிஸ் பையோடு லயத்துக்கு ஏறி வருவதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். இதை ஏன் முன்னாலேயே எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லத்தான் நெனச்சேன் தம்பி. நீங்க கட்டார் கதையவே பேசிக்கிட்டிருந்தீங்க.”

மெடிக்கல்

மறுநாள் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பீடாதிபதியைப் பார்க்கப் போனேன். எனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தையெல்லாம் திரட்டி, அந்தப் பிள்ளை வராததற்குக் காரணம் அவளில்லை, என்னுடைய அட்டைதான் என்று சொன்னேன். எழுதியும் கொடுக்கிறேன் என்றேன். மனிதர் என்னை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, கடைசி வரை கேட்டார். வருகைக் குறைவுக்கு மருத்துவச் சான்றிதழ் ஒன்றைத்தான் சட்டம் ஏற்கும் என்றார். கேன்டீன்காரனின் கடிதத்தைக் கோப்பில் எங்கே வைப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

எழுந்து கதவு வரைக்கும் கூட வந்தார். அவர் அடுத்ததாகச் சொன்னதைக் கேலியாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். “பசிக்கு மெடிக்கல் எழுதிக் குடுக்குற டாக்டர் யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க, நான் கையெழுத்துப் போடுறேன்.”

எட்டுக் கட்டம்

அந்த மாதம் இருபத்திரண்டாம் திகதி தர்ஷினியின் அம்மா வந்தார். நல்ல மழை. விடுதியைக் காலி செய்து, ஒரு பையும் சுருட்டிய மெத்தையுமாகத் தர்ஷினி கீழே பஸ் தரிப்பிடத்தில் நின்றாள், மேலே வரவில்லை. பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சொல்லியாயிற்றாம். அந்த அம்மாவை உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தப்பு என்னுடையது, நானும் லயத்துக்காரன்தான், பிள்ளை திரும்பப் படிக்கட்டும், முடிக்கும் வரை மூன்று வேளையும் நான் சோறு போடுகிறேன் என்றேன்.

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்துக்கு வந்து பேர் கொடுக்காதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை, எங்கேயும் அதுதானே முறை என்றார். சோறு மட்டுமில்லை, பஸ்ஸுக்கு, புத்தகத்துக்கு, விடுதிக்கு என்று இன்னொரு வருஷத்தைத் தன்னால் இழுக்க முடியாது என்றும், பிள்ளை தானாகத்தான் முடிவெடுத்தாள் என்றும் சொன்னார். பிறகு சேலைத் தலைப்பை அவிழ்த்து, நனையாமல் பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்த அட்டையை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். “இதுல இனி வர்ற எட்டு நாளு ஓட்ட விழாம இருக்காம் ஐயா. இல்லாத புள்ள யாருக்காச்சும் அந்தச் சோத்தக் குடுத்துருங்க.”

பாராட்டு

அடுத்த மாதத்திலிருந்து முதல் பத்து நாளும் அட்டை இல்லாதவர்களுக்கும் சோறு போட்டேன். ஒப்பந்தத்தை மீறுவதாக நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. பூனாகலைக்கு இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் தர்ஷினி கடையில் இருந்தாள், அவள் அம்மா மலையில் இருந்தார். கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி அந்த நாட்களில் ஒருவரும் குறை சொல்லவில்லை. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே அமைதியான காலம் அதுதான்.

இரண்டு வருஷம் முடிந்ததும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் கேக் இருந்தது. இன்னும் மூன்று வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். அட்டை முறை அதில் அப்படியே இருந்தது, ஒன்றாம் திகதியும் அப்படியே இருந்தது. அதைப் பதினோராம் திகதி என்று மாற்றலாமா என்று கேட்டேன். மாதம் தொடங்குவது ஒன்றாம் திகதிதானே, கொஞ்சப் பேருக்காக நாட்காட்டியை மாற்ற முடியுமா என்று சிரித்தார் நிர்வாக அதிகாரி. நல்ல மனிதர்தான். பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டிக்கொண்டே சொன்னார்: “ஒங்க காலத்துலதான் இந்தக் கேன்டீன்ல சோறு மிஞ்சவே இல்ல.”

நான் கேக்கைத் தின்று, தேநீரைக் குடித்து, நன்றி சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன்.