கட்டார்ச் சவர்க்காரம்

கொக்குவில் ஸ்ரேசனுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் ஒரு கதை உலாவியது. பத்மாசினிக்கு டவுனிலே ஓர் ஆள் இருக்கிறானாம். புருசன் செத்துப் பத்து வருசமாக இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்துச் சீவித்த மனுசி, ஐம்பத்திரண்டு வயதில், புதன்கிழமை தோறும் சாப்பாட்டுப் பெட்டியோடு பஸ் ஏறுகிறாளாம். பெட்டிக்குள் நண்டுக் குழம்பாம்.

விசாரித்துப் பார்த்தால், ஆள் இருப்பது உண்மைதான். ஒல்லியான ஆள், வயது இருபத்தாறு, கம்பிவலைக்கு அந்தப் பக்கம். அவளுடைய ஒரே மகன் நிருஷன். வாள்வெட்டுக்குப் போனவர்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனவன். பதினொரு மாதமாக விளக்கமறியல் சிறையில்.

ஒழுங்கைச் சனத்துக்கு அவள் சொன்னபடி அவன் கட்டாரில் இருந்தான். பொலிஸ் அவனைப் பிடித்தது திருநெல்வேலியில், சிநேகிதனின் அறையில். ஆகவே ஒருவருக்கும் தெரியாது என்று பத்மாசினி நம்பினாள். ஏஜென்சிக்காரன் திடீரென்று கூப்பிட்டான் என்று அன்றே சொல்லிவைத்தாள். வெளியே வந்தபின் அவன் இதே ஒழுங்கையில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், எவளாவது ஒருத்தி அவனைக் கட்ட வேண்டும். அதற்காக எதையும் சொல்ல அவள் தயார்.

கட்டார் சும்மா வருமா? வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீடு அயலுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். எதிர்வீட்டுத் தங்கமுத்து முதல் மாதமே படலையில் வந்து நின்றாள்.

"அக்கா, தம்பி ஒண்டும் அனுப்பேல்லையோ? அங்கத்தைச் சவர்க்காரம் நல்ல வாசமாம்."

பத்மாசினி திருநெல்வேலியில் பன்னிரண்டு சவர்க்காரம் வாங்கினாள். உறையில் ஒட்டியிருந்த ரூபாய் விலையைத் தேங்காயெண்ணெய் தடவி நகத்தால் சுரண்டி, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். அடுத்த மாதம் சொக்லேட். அதன் பிறகு தலையிடித் தைலம். தங்கமுத்துவின் இளைய மகளுக்குப் பொங்கலுக்கு ஒரு வாசனைச் சென்ற் போத்தில் அனுப்புவதாக நிருஷன் போனில் சொன்னான். அந்தப் போனில் இரண்டு பக்கமும் கதைத்தவள் பத்மாசினிதான்.

மறியல் வாசலில் காவலர் புட்டைக் கரண்டியால் குலைப்பார், நண்டை உடைத்துப் பார்ப்பார்.

"அம்மா, வாற நண்டு ஒண்டுக்கும் காலில்லை," என்றான் நிருஷன்.

"கால் இருந்தால் அதுவும் ஓடிப்போகுமெண்டு பயப்பிடீனமாக்கும்."

அவன் சிரிக்கவில்லை. "ஊரிலை என்ன கதைக்கினம்?"

"கட்டார் வெய்யிலிலை நீ கறுத்துப்போயிருப்பியாம்."

ஆள் கதையை அவள் காதில் போட்டவளும் தங்கமுத்துதான். "குறை நினையாதையுங்கோ அக்கா, சனம் கதைக்குது. ஆருக்கு உந்த நண்டு?"

பத்மாசினி படலைக் கொழுக்கியைப் பிடித்தபடி நின்றாள். ஆள் இல்லையென்றால் நண்டுக்கு வேறு வாய் காட்ட வேண்டும்.

"ஓம்," என்றாள். "ஒராள் இருக்கு. பென்சன்காரன்."

கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட அவளைக் கூப்பிடுவது அந்தக் கிழமையே நின்றது. இடியப்பம் எடுக்கிற கடைக்காரர் காசைக் கையில் தராமல் மேசையில் வைத்தார், வைத்துவிட்டுச் சிரித்தார். கட்டார்க் கதை தப்பியதே போதுமென்று அவள் பொறுத்துக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை பெட்டியோடு வெளியே வந்தவளைத் தங்கமுத்து மறித்தாள்.

"நண்டு வேண்டாம் அக்கா. தம்பிக்குப் போன கிழமை வயித்தாலை போனதாம். என்ரை மருமோன்ரை தமையன் அங்கைதானே காவல்."

பத்மாசினி பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினாள். "எப்ப தொடக்கம் தெரியும்?"

"பிடிச்ச கிழமையே. ஒழுங்கைக்கே தெரியும்."

"பிறகேன் சவர்க்காரம் வாங்கினனி?"

"நீங்கள் தந்தியள். வேண்டாமெண்டால் உங்களுக்கு மனவருத்தமெல்லோ."

"அந்த ஆள் கதை?"

"அதுக்காவது ரோசம் வந்து உண்மையைச் சொல்லுவியளோ எண்டு பாத்தம். நீங்கள் ஆளுக்குப் பென்சனும் குடுத்துப்போட்டியள்."

தெருமுனையில் பஸ் ஹோர்ன் அடித்தது. பத்மாசினி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். நண்டைத் தவிர இன்று கொண்டுபோக அவளிடம் வேறொன்றும் இல்லை.

"அக்கா," தங்கமுத்துவின் குரல் பின்னால் வந்தது. "அந்தச் சென்ற் போத்தில். பொங்கலும் போயிட்டுது, பிள்ளை இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறாள்."

"வரும்," என்றாள் பத்மாசினி, திரும்பிப் பாராமல். "தம்பி சொன்னவன்."

சித்திரையும் கழிந்துவிட்டது. போத்தில் இன்னும் வந்து சேரவில்லை. தங்கமுத்து மாதம் ஒருக்கால் ஞாபகப்படுத்துகிறாள்.