எதிர்க்கரை மங்கையக்காவின் நிலம்

ஆற்றைத் திருப்பிவிட்டவன் நான்தான். மங்கையக்காவின் நிலம் போனதற்கும் நானே காரணம். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

விருத்தாசலத்தில், மணிமுத்தாற்றங்கரையில், பீங்கான் பொம்மை செய்யும் சிறு பட்டறை என்னுடையது. லாரி திரும்ப இடம் போதவில்லை. ஆறுதான் ஆண்டில் பாதி நாள் காய்ந்து கிடக்கிறதே, யார் கேட்கப்போகிறார்கள்? சூளையில் வெடித்த பொம்மைகளையும் தேய்ந்துபோன பிளாஸ்டர் அச்சுகளையும் கூடைகூடையாகக் கரையை ஒட்டி ஆற்றில் கொட்டவைத்தேன். சில ஆண்டுகளில் ஆற்றுக்குள் ஒரு மேடே நீண்டுவிட்டது. எனக்கு அதில் பெருமை வேறு!

ஒரு கார்த்திகையில் வெள்ளம் வந்தது. மேட்டில் மோதிய நீர் எதிர்க்கரைமேல் பாய்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். என் பக்கம் மணல் படிந்து இடம் இன்னும் கூடியது. எதிரே அக்காவின் நெல்வயல் பாளம்பாளமாகச் சரிந்தது. புரியவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அன்றே புரிந்தது.

வெள்ளம் வடிந்ததும் அக்கா ஆற்றைக் கடந்து என்னிடம் வந்தார். "பாதி காணி போயிடுச்சு தம்பி. நம்ம ஆறு இப்பிடிப் பண்ணும்னு யாரு கண்டா? ஒங்க ஒடசல் கொஞ்சம் குடுங்க, கரைய அணைச்சுப் பாக்குறேன்" என்றார். என் மேட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

மூட்டை மூட்டையாகக் கொடுத்தேன், இலவசமாக! "நீங்க நல்லா இருக்கணும்" என்று வாழ்த்திவிட்டுப் போனார். அப்போதாவது வாய் திறந்திருக்கலாமே... மேட்டை அள்ளியிருந்தால் மிச்ச நிலமாவது தப்பியிருக்குமே! ஏன் செய்யவில்லை? லாரி எங்கே திரும்பும் என்ற கவலைதான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மழையில் அந்த மூட்டைகளோடு மீதி வயலும் போயிற்று.

இந்தத் தை மாதம் அக்கா என் பட்டறைக்கே கூலி வேலைக்கு வந்தார். முதல் நாள், உடைசல் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"இத எங்க கொட்டணும் மொதலாளி?"

அதுவரை என்னைத் தம்பி என்றே அழைத்தவர். இப்போதாவது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது...

"வழக்கமா கொட்டற எடந்தாங்க்கா, ஆத்துப் பக்கம்" என்றேன்.

கொட்டிவிட்டு வந்து, அடுத்த கூடையை எடுத்தார்.